கதவைத் திறந்துவைத்துப் படித்த காலைகள்

என்னைவிடப் பெரிய மடையன் அந்தக் காலத்து வெள்ளவத்தையில் இருந்திருக்க முடியாது. தமிழ்ப் பிள்ளைகள் காலையில் எழும்பி ஒழுங்காகப் படிக்கிறார்களா என்று பார்ப்பதற்காகத்தான் அரசாங்கம் விடியப்புறத்தில் துவக்குகளோடு ஆட்களை வீடு வீடாக அனுப்புகிறது என்று, ஏழு வயதில், நான் மனதார நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டுமானால் சிரியுங்கள். என் மனைவி இன்றைக்கும் சிரிக்கிறாள். ஆனால் எங்கள் வீட்டில் அப்போது நடந்ததையெல்லாம் கண்ணால் கண்ட ஒரு பிள்ளை வேறு என்ன முடிவுக்கு வந்திருக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு முன்பு எங்கள் காலைகள் அருமையானவை. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். பள்ளிக்கூட வான் வருவதற்கு முன் தொலைக்காட்சியில் சிறுவர்களுக்கென்று கொஞ்ச நேரம் பொம்மைப்படம் போடுவார்கள். ஒரு நரி. அதற்குக் கோழி திருடுவதைத் தவிர வேறு வேலை இல்லை, திருடவும் தெரியாது. அதன் முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டபடி, சம்பல் கையோடு அக்காவின் வெள்ளைச் சட்டையைத் தொட்டு, குட்டு வாங்கி, கொஞ்சம் அழுது, மறுபடி நரியைப் பார்ப்பேன். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

அப்படியிருக்க யாழ்ப்பாணத்திலிருந்து சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. இருபத்திரண்டு வயது, நல்ல உயரம், நல்ல சிரிப்பு. வெளிநாடு போக வந்திருந்தார். ஏஜென்ட்காரன் எப்போது கேட்டாலும் ‘அடுத்த கிழமை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அவர் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அப்பா எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு இருத்திப் பிரகடனம் செய்தார்.

“இனிக் காலமையில ரீவி இல்லை. காலமைதான் மூளை தெளிவா இருக்கிற நேரம். விடியமுன்னம் எழும்பி, குளிச்சு, மேசையில இருந்து அமைதியாப் படிக்கவேணும்.”

“எவ்வளவு நாளைக்கு?” என்று கேட்டேன்.

“ஆக்கள் வந்து பாத்திட்டுப் போகுமட்டும்.”

“ஆர் வந்து பாக்கிறது?”

“ஆமியும் பொலிசும்.”

இதற்குமேல் ஒரு குழந்தைக்கு என்ன சாட்சியம் வேண்டும்? என் தகப்பன் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணிக்குக் கிளாக்காக இருந்தவர். தேவைக்கு அதிகமாக ஒரு சொல் பேசமாட்டார். அன்றும் பேசவில்லை. மிச்சத்தை நானே கட்டிக்கொண்டேன். அரசாங்கத்தின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சண்டை பிடிக்க வேண்டிய ஆமிக்காரரை, என்னுடைய நரியை நிற்பாட்டவா அனுப்புவது?

அம்மா தொலைக்காட்சிப் பெட்டியை மேசைவிரிப்பால் மூடி, அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்றையும் வைத்துவிட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் செத்தவீடு ஞாபகம் வந்தது. அடுத்த அநியாயம் கதவு. பகலில்கூட சங்கிலி போட்டு, இடைவெளியால் எட்டிப் பார்த்து, குரலைக் கேட்டு, அதற்குப் பிறகும் யோசித்துத்தான் திறக்கிற எங்கள் வாசற்கதவை, இருட்டோடு இருட்டாக அப்பா அகலத் திறந்துவைத்தார். ஏன் என்று கேட்டால், “காத்து வரட்டும்” என்றார். காற்று வரவில்லை, ஒழுங்கையிலிருந்த நுளம்பு முழுவதும் வந்தது. உதைப்பதற்கு ஒரு கதவு இல்லாவிட்டால் உதைக்கிற எண்ணமும் வராது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார் என்பது, எனக்குச் சொந்தமாக ஒரு கதவு வந்த பிறகுதான் விளங்கியது.

பாடமோ, சிங்களம். அது மட்டும்தான். கணக்கில் நான் வாங்கிய புள்ளிகளைப் பார்த்தால், ஒருவன் விடியப்புறம் எழும்பிக் கணக்கல்லவா படிக்க வேண்டும்? அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. சிங்கள வாசிப்புப் புத்தகத்தைச் சத்தமாக, படிக்கட்டில் ஏறி வருகிற ஒருவருக்குக் கேட்கும்படியாக வாசிக்க வேண்டும். ஆனால் கத்தக்கூடாது. சத்தமாகவும் அமைதியாகவும் ஒரே நேரத்தில் வாசிப்பது எப்படி என்று கேட்டதற்கு அக்கா என் காலை மேசைக்குக் கீழே மிதித்தாள்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து எங்கள் ஆசிரியர். சித்தப்பாதான்! விடியமுன்னமே வெள்ளைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு, எண்ணெய் வைத்துத் தலை இழுத்து, அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடியை அணிந்து, கையில் அடிமட்டத்தோடு மேசையின் தலைப்பக்கம் உட்காருவார். அந்தக் கண்ணாடியால் பார்த்தால் அவருக்கு நாங்கள் இருவரும் இரண்டு புகைமூட்டங்கள். சிங்களமோ, அவருக்கு ‘ஐயா’ என்கிற ‘மாத்தயா’வுக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆகவே நான் வாசிக்க, அவர் அதைப் பின்னால் முணுமுணுத்துப் பழகிவிட்டு, பிறகு பெரிய குரலில் ‘ஆ, சரி, அடுத்தது’ என்பார். எங்கள் வகுப்பில் படித்தவர் ஆசிரியர் ஒருவர்தான்.

பையன் ஒருவன் கல்லெறிந்து மாம்பழம் விழுத்துகிற பாடத்தை அவருக்குப் படிப்பிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“சித்தப்பா, மாம்பழத்துக்கு ‘அம்ப’ எண்டேக்க அந்த ‘ம்’ பாதிதான் வரவேணும். நீங்கள் முழுசாப் போடுறியள்.”

“பாதியை எங்கையடா வைச்சு வெட்டுறது?”

“மூக்கில.”

“சரி வாத்தியார். மூக்கை வெட்டிப்போட்டு வாறன், அடிக்காதேங்கோ.”

அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரிப்பாள். அப்பா யன்னலோரக் கதிரையிலிருந்து “அமைதி!” என்பார். அவர் எங்கள் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. முகம் ஒழுங்கையைப் பார்த்திருக்கும். ஏதாவது வாகனம் திரும்பி மெதுவானால் அவருடைய விரல் உயரும். நாங்கள் எல்லாரும் மூச்சை விடாமல் இருப்போம். பால் கொண்டுவரும் வான் என்று தெரிந்ததும் விரல் இறங்கும். உடனே சித்தப்பா, “ஆ, சரி, அடுத்தது!”

எங்கள் ஒழுங்கு கட்டடம் முழுவதும் பெயர் பெற்றுவிட்டது. கீழ்மாடியில் இருந்த முஸ்லிம் அன்ரி ஒருநாள் ஏறிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாஷா அல்லாஹ்! என்ன அழகாப் படிக்குதுகள் உங்கட புள்ளையள்! எங்கட ஊட்டுலயும் ஈக்குதே மூணு. விடிஞ்சா ரீவிக்கு முன்னுக்குத்தான்.”

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. அடுத்த நாளிலிருந்து கீழ்மாடியிலும் நரி நின்றுபோனது. அங்கிருந்த மூன்று பேரும் படிக்கட்டில் என்னை மறித்தார்கள். மூத்தவன், “ஒன்னாலதான்டா!” என்று என் சேர்ட் கொலரைப் பிடித்தான். அரசாங்கத்தின் குற்றத்துக்கு நான் அடி வாங்கினேன்.

இப்போது என் மகள் போகிற பாலர் பாடசாலையில் பெற்றோருக்குக் கூட்டம் வைக்கிறார்கள். காலையில் பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காதீர்கள், ரீவியைப் போடாதீர்கள், வீட்டை அமைதியாக வைத்திருங்கள், ஒரே ஒழுங்கில் எழுப்பி ஒரே மேசையில் இருத்துங்கள் என்று ஒரு மிஸ் இனிமையாகச் சொல்கிறார். பற்றிஸும் தேநீரும் உண்டு. மற்றத் தகப்பன்மார் குறிப்பெடுக்க, நான் பற்றிஸை எடுக்கிறேன். என் தகப்பன் இதையெல்லாம் எப்போதோ செய்து முடித்துவிட்டார்.

அப்போது ஒருநாள் அப்பாவின் விரல் உயர்ந்தது, இறங்கவில்லை.

வாசலில் வாகனம் நின்றது. படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம். அப்பா யன்னலை விட்டு எழுந்து, கையால் ‘வாசி’ என்று சைகை காட்டினார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடைசியில் பரீட்சை வந்துவிட்டது! கப்பல் சங்கு ஊதுவதுபோல மாம்பழப் பாடத்தைத் தொடங்கினேன்.

ஒரு அதிகாரியும் இரண்டு ஆமிக்காரரும் உள்ளே வந்தார்கள். ஆமிக்காரரில் ஒருவனுக்குச் சித்தப்பாவின் வயதுதான் இருக்கும், கண்ணில் நித்திரை. அவன் துவக்கின் நுனியால் தொலைக்காட்சியை மூடியிருந்த விரிப்பைத் தூக்கிப் பார்க்க, பூச்சாடி கீழே விழுந்து உருண்டது. அதிகாரி சித்தப்பாவைக் காட்டி, “கவுத மே?” என்று கேட்டார். யார் இவர்? அப்பா வாயைத் திறக்கமுன் நான் எழுந்து நின்றேன்.

“மே அபே குருதுமா!”

இவர் எங்கள் ஆசிரியர் என்று சொல்லத்தானே அத்தனை நாளும் எங்களைப் பழக்கியிருந்தார்கள். அதிகாரி என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அக்காவும் வாசித்தாள். அவர் “ஹொந்தய், ஹொந்தய்” என்று என் தலையைத் தடவினார். நல்லதாம். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தார். மனுஷன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சீனி போதும் என்று கையைக் காட்டி, ஆற அமரக் குடித்தார். இதுதான் சமயம் என்று நான், நாளைக்கு ரீவி பார்க்கலாமா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, தாராளமாகப் பார் என்றார். நான் அப்பாவை வெற்றியோடு பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார். பிறகு என் புத்தகத்தை எடுத்துச் சித்தப்பாவுக்கு முன்னால் தள்ளினார்.

“பிள்ளை, தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்குப் போ” என்று அக்காவுக்குச் சொன்னார் அப்பா.

என்ன அநியாயம்! என் மாணவனுக்குப் பரீட்சை, நான் இருக்கக்கூடாதா? வரமாட்டேன் என்று மேசையைப் பிடித்தேன். அக்கா என் விரல்களைக் கழற்றி, இடுப்பில் கைபோட்டுத் தூக்கிக்கொண்டுபோய் அறைக்கதவைச் சாத்தினாள்.

“அவருக்கு அந்த ‘ம்’ வராதடி!” என்றேன்.

“வாயைப் பொத்து” என்றவள், தன் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். முன்னறையில் சித்தப்பாவின் குரல் கேட்டது. என்ன வாசிக்கிறார் என்று விளங்கவில்லை. பிறகு அதுவும் நின்றது. சப்பாத்துகள் படியிறங்கின. ஏறி வந்ததைவிட மெதுவாக.

நாங்கள் வெளியே வந்தபோது மூக்குக்கண்ணாடி மேசையில் கிடந்தது. சித்தப்பா இல்லை. அப்பா சட்டையை மாட்டியபடி படிகளில் ஓடிக்கொண்டிருந்தார். அம்மா அந்தக் காலிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. நான் பாஸ், அக்கா பாஸ், சித்தப்பா பெயில்.

அடுத்த நாள் என்னை யாரும் எழுப்பவில்லை. கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. வாசற்கதவு பூட்டி, சங்கிலி போட்டு, போதாததற்கு ஒரு கதிரையும் முண்டு கொடுத்திருந்தது. அப்பா தானே வந்து விரிப்பை எடுத்து, தொலைக்காட்சியைப் போட்டு, சத்தத்தையும் கூட்டிவிட்டு, குசினிக்குள் போய் அம்மாவோடு இரகசியம் பேசினார். நான் ஓடிப்போய்ச் சப்பாணி கட்டினேன். நரி இல்லை! இத்தனை நாளில் அதை எப்போதோ நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் ஒரு அம்மையார் குழந்தைத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த அழுகையைப் பார்த்துவிட்டு, சித்தப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். நான் திருத்தவில்லை. உண்மையில் எனக்குச் சித்தப்பாவின் மேலும் கோபம்தான். அத்தனை விடியற்காலை, அத்தனை நுளம்புக்கடி, கீழ்மாடியானிடம் வாங்கிய அடி, எல்லாவற்றையும் ஒரு மாம்பழத்தில் கோட்டைவிட்டாரே!

அன்றைய கோபம் தவறான முகவரிக்குப் போனது. அதற்கும் சேர்த்து இப்போது எரிகிறது. எங்கள் மேசையில் உட்கார்ந்து, எங்கள் தேத்தண்ணீரைக் குடித்து, சீனி அளவும் சொல்லி, என் தலையைத் தடவிய அதே கையால் அந்த மனுஷன் சித்தப்பாவின் கொலரைப் பிடித்திருக்கிறார். நாங்கள் செய்யாதது என்ன? கதவைத் திறந்துவைத்தோம். அவர்களுடைய பாஷையில் படித்தோம். சத்தம் போடாமல் இருந்தோம். ஒரு குடும்பம் இதற்குமேல் எப்படி நல்ல பிள்ளையாக இருப்பது?

அப்பா தன் சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையம் நிலையமாக ஏறி இறங்கினார். அம்மா செவ்வாய்க்கிழமைகளில் பஸ் பிடித்துக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்தினார். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கும் தேங்காய் உடைத்தார். மாதங்கள் போயின.

ஒரு பின்னேரம் அப்பா சித்தப்பாவை ஓட்டோவில் கூட்டிவந்தார். சித்தப்பா யாருடையதோ ஒரு சட்டை போட்டிருந்தார். அது அவர் தோளில் நிற்கவில்லை. கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து, தேத்தண்ணீர்க் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்தபடி குசினிக்குள் போனார். நான்தான் அத்தனை மாதமும் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருந்தேனே. நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

“எத்தினை தரம் சொல்லித் தந்தனான் சித்தப்பா? அந்தப் பாடத்தை ஒழுங்கா வாசிச்சிருந்தா உங்களைக் கொண்டு போயிருக்க மாட்டாங்கள்தானே?”

அப்பாவின் கை அடிக்க உயர்ந்து, பாதியில் நின்று, இறங்கியது. சித்தப்பா கிளாசைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாத்தியார் என்று சொல்வார், ஏதாவது பகிடி விடுவார் என்று பார்த்திருந்தேன். அவர் சொன்ன பதிலை, பரீட்சையில் தோற்ற மாணவன் வாத்தியாருக்குச் சொல்லும் பொய் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

“ஒரு பிழையும் விடாமல்தான் வாசிச்சனான்.”