ஃப்ளோரா சொல்லிக் கொடுத்த லொள் லொள்

நாய் லொள் லொள் என்று குரைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த குற்றத்துக்காக ஒரு பெண்ணுக்கு மெமோ கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள். திருவொற்றியூரில், போன ஆடி மாதம், பள்ளிக்கூட முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். இரண்டு நாளில் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது.

வாங்கியவள் ஃப்ளோரா, ராயபுரத்துக்காரி. அந்த மழலையர் பள்ளியில் ஆயா. மூக்குத் துடைப்பது, கால் கழுவிவிடுவது, டிபன் டப்பா திறக்கத் தெரியாத பிள்ளைக்குத் திறந்து கொடுப்பது, இதெல்லாம் அவள் பாடு. வேலை போனால் வேலை மட்டும் போகாது. அவள் மகள் ஷைனி அங்கேயே யு.கே.ஜி. படிக்கிறாள். ஆயாவின் பிள்ளை என்று சேர்த்துக்கொண்ட இலவச சீட்டு அது. அம்மா வெளியே போனால் மகளும் வெளியே. இதைத் தெரிந்துதான் மெமோவை நீட்டினார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஃப்ளோரா ஒன்றும் தெரியாதவள் அல்ல. பிளஸ் டூ பாஸ். அதற்குப் பிறகு பத்து வருஷம் துறைமுகத்துப் பக்கம் கப்பல்காரர்களுக்கான ஒரு கேன்டீனில் பரிமாறியவள். அங்கே வருகிறவனுக்குத் தமிழ் தெரியாது, பாதிப் பேருக்கு இங்கிலீஷும் தெரியாது. தட்டில் இருக்கிற கறி என்னவென்று எப்படிச் சொல்வது? ஃப்ளோரா இரண்டு முழங்கையையும் இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு 'கொக்கரக்கோ' என்பாள். ரஷ்யாக்காரன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எங்கள் ஊரில் 'குக்கரெக்கூ' என்பான். பிலிப்பைன்ஸ்காரன் எழுந்து நின்று 'டிக்டிலாவோக்' என்று கூவிக் காட்டுவான். மாட்டுக்கறி என்றால் 'ம்மா'. நாய் மெனுவில் இல்லை, ஆனாலும் பேச்சுவாக்கில் அதுவும் வரும். ரஷ்ய நாய் 'காவ் காவ்', ஜப்பான் நாய் 'வான் வான்'. அத்தனை ஊர்க்காரனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, கத்தி, சிரித்து, சாப்பிட்டுவிட்டுப் போனான். உன் கோழி தப்பு என்று ஒருத்தன் இன்னொருத்தனைச் சொன்னதில்லை. கொரோனா வந்து, கப்பல்காரர்கள் கரையிறங்குவது நின்று, கேன்டீனைப் பூட்டினார்கள். ஃப்ளோரா ஆயா வேலைக்கு வந்தாள்.

பிள்ளைகள் சோறு தின்ன மாட்டேன் என்று அடம்பிடித்தால் ஃப்ளோரா நாய் மாதிரி குரைப்பாள், மாடு மாதிரி கத்துவாள். வாய் தானாகத் திறக்கும், சோறு உள்ளே போகும். இதில் என்ன பாடம் இருக்கிறது, என்ன பாடத்திட்டம் இருக்கிறது?

வினை வீடியோவில் வந்தது. பள்ளிக்கூடத்து விளம்பரத்துக்காகப் பிரின்சிபால் குணசுந்தரி செல்போனை வைத்து நேரலை போட்டார். இருபத்திரண்டு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, "வாட் டஸ் த டாக் ஸே?" என்று கேட்டார்.

"லொள் லொள்!" என்றன இருபத்திரண்டும்.

"அண்ட் த கவ்?"

"ம்மா!"

பூனைதான் மானத்தைக் காப்பாற்றியது. அது இரண்டு மொழியிலும் மியாவ். அதற்குள் பார்க்கிறவர்கள் கமெண்டில் சிரிக்கிற பொம்மையாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதும் இருபத்திரண்டு விரலும் வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஃப்ளோராவைக் காட்டின.

"இந்தக் குப்பத்துச் சத்தத்தையெல்லாம் மறக்கடிக்கத்தான் பேரன்ட்ஸ் இங்க அனுப்புறாங்க. நீ அதையே திரும்ப ஊட்டுறியா?" என்றார் குணசுந்தரி. அவர் பிறந்ததும் வியாசர்பாடிக் குடிசைப் பகுதியில்தான். அது ஃப்ளோராவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

புருஷன் சாவியோவிடம் சொன்னாள். காசிமேட்டில் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன் அவன். மெமோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கினு கீற? சாரின்னு ரெண்டு வரி எய்திக் குட்துட்டு வேலையப் பாரும்மே. பாப்பா சீட்டு போயிட்ச்சின்னா இன்னா பண்ணுவ?"

"நா இன்னா தப்பு பண்ணேன்னு சாரி கேக்கணும்?"

"தப்பு பண்ணவனா சாரி கேக்குறான்? வேல வோணும்றவன் கேக்குறான்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிள்ளைக்காக முழுங்கிக்கொள்வோம் என்று ஃப்ளோராவும் மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதினாள். இனிமேல் நாய் இங்கிலீஷில்தான் குரைக்கும் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. 'பவ் வவ்' என்பதற்கு இங்கிலீஷில் என்ன எழுத்து? மேஜைமேல் செங்கல் கனத்தில் ஒரு டிக்ஷனரி, யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தாள்.

எழுத்து கிடைத்தது. கூடவே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றும் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஒலியைக் கேட்டு அதைப் போலவே சொன்னதாம். அவ்வளவுதான். வேறு பூர்வீகம் இல்லை. அடுத்து மாட்டின் 'மூ' பார்த்தாள். அதுவும் அப்படியே. 'குக்கூ' என்கிற பறவைக்கு அதன் கூவலே பெயராம். பாம்பின் 'ஹிஸ்', தேனீயின் 'பஸ்', எல்லாம் காதால் கேட்டு வாயால் சொன்னவை. 'க்ரோ' பார்த்தாள். அந்தப் பெயரே காக்கை கத்துவதைக் கேட்டு வைத்ததுதானாம். அட, நம் காக்காவும் அப்படித்தானே! அதே எழுத்தில் சேவல் கூவுவதற்கும் ஒரு சொல் இருந்தது, அதற்குப் பீற்றிக்கொள்வது என்றும் ஓர் அர்த்தம் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்து நோட்டீஸ் நெடுக அதுதானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. காது வரை சுட்டது. இங்கிலீஷ்காரன் முப்பாட்டனும் ஒருநாள் கொட்டில் பக்கம் நின்று மாடு கத்தியதைக் கேட்டு, காதில் விழுந்தபடி சொல்லியிருக்கிறான். அவன் காதில் விழுந்தது புத்தகத்தில் ஏறியது. என் காதில் விழுந்தது மட்டும் குப்பத்துச் சத்தமா?

டிக்ஷனரியை இடுக்கிக்கொண்டு, எழுதிய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போய், இரண்டையும் மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், உங்க புக்குலயே போட்டுகீது. நாய் கத்துறத அவங்க காதுல கேட்டா மாரி எய்திகிறாங்க. நா என் காதுல கேட்டா மாரி சொன்னேன். இதுல இன்னா தப்பு?"

குணசுந்தரி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "எனக்கே டிக்ஷனரி காட்டுறியா? லெட்டர்ல கையெழுத்துப் போட்டியா இல்லையா?"

"கேட்டதுக்கு பதில் சொல்லுங்க மேடம்."

"பதில்தானே? உன் பொண்ணே சொல்லுவா." மணியடித்து ஷைனியை வரவழைத்தார். தூக்கம் கலைந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தது குழந்தை. "ஷைனி, டெல் மீ. வாட் டஸ் த டாக் ஸே?"

குழந்தை மேடத்தைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, மேஜைமேல் இருந்த கடிதத்தைப் பார்த்தது. அதற்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முந்தின நாள் வீட்டில் நடந்த பேச்சு அதன் காதிலும் விழுந்திருந்தது.

"பவ் வவ்," என்றது. கேட்கவே கேட்காத குரல்.

"குட் கேர்ள்! பாத்தியா ஃப்ளோரா? குழந்தைக்கே தெரியுது."

வீட்டில் காது கிழியக் கத்துகிற பிள்ளை அது. ஷைனி ஓடிவந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டது. குனியச் சொல்லிக் கையால் சைகை காட்டியது. குனிந்தாள்.

"ம்மா, நம்ம தெரு நாய்க்கு பவ் வவ் தெரியாதும்மா. அதையும் திட்டுவாங்களா?"

ஃப்ளோரா நிமிர்ந்தாள். அப்புறம், குணசுந்தரிக்கு நன்றாகக் கேட்கும்படி, குழந்தைக்குப் பதில் சொன்னாள்.

"திட்டிப் பாக்கட்டும்டி. அது கடிக்கும்."

மேஜைமேல் இருந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். ஷைனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, இத்தனை நாளில் முதல்முறையாக அந்த அறையில் உட்கார்ந்தாள்.

"பாப்பாவுக்கு டி.சி. எய்துங்க மேடம். வாங்கிக்கினுதான் போவேன்."