எட்டுப் புள்ளிக்குள் அடங்காத ‘ண’

பழைய கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தை வரவழைக்கும் வேலையை யாரும் ஆசைப்பட்டுத் தேடிப் போவதில்லை. அதுவாக வந்து தலையில் விழும். அப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் சேர்ந்தேன். ஓனர் தனபால், டிவியோடு இணைக்கிற ஒரு கம்ப்யூட்டரை மெட்ராஸில் பழைய சாமான் கடையில் பிடித்து வந்திருந்தார். ஜவுளிக்கடை விளம்பரம் அதில் ஓட வேண்டும். மிஷினுக்கோ இங்கிலீஷைத் தவிர ஒன்றும் தெரியாது. “வெள்ளிக்கிழமைக்குள்ள தமிழ் வரணும். வரலன்னா மிஷினு பரணுக்கு, நீ வூட்டுக்கு” என்றார். டிப்ளமா முடித்து ஒன்றரை வருஷம் அலைந்து கிடைத்த வேலை.

வீட்டு நம்பர் தப்பியது

அந்த மிஷினுக்கு டிவி திரை என்பது ஆயிரம் வீடுள்ள ஒரு தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் மெமரியில் ஒரு நம்பர். எந்த நம்பரில் எந்த எழுத்தைப் போடுகிறோமோ, அது அந்த இடத்தில் வந்து நிற்கும். எழுத்தின் உருவத்தையும் நாமே செய்யலாம்: எட்டுக்கு எட்டு கட்டத்தில் வேண்டிய புள்ளிகளை நிரப்பி, வரிசைக்கு ஓர் எண்ணாக மாற்றிக் கொடுக்க வேண்டும்.

‘ப’, ‘ட்’, ‘டு’ மூன்றும் சமர்த்தாக வந்தன. மிதப்பில் திரை முழுக்க ‘பட்டு’ என்று நிரப்பப் போனேன். கணக்குத் தப்பி ஆயிரத்தைத் தாண்டி, எழுத்துகளின் உருவம் இருந்த மெமரியிலேயே எழுதித் தொலைத்தேன். எல்லா எழுத்தும் கோணல்மாணலாக நெளிந்தது. தனபால் எட்டிப் பார்த்தார்.

“இன்னாமா இது? பட்டுன்னு போடச் சொன்னா பட்டுப்புழுவ வுட்டுகினு கீற!”

காணாமல் போன சுழி

அடுத்த வில்லன் ‘ண’. மூன்று சுழியும் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடங்கவே இல்லை. இரண்டு சுழியோடு ‘ஆரனி’ என்று போட்டுவிட்டு, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று இருந்தேன். புதன்கிழமை, முதல் விளம்பரம் கொடுத்திருந்த பட்டுக்கடை முதலாளி பார்க்க வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார்.

“ஊர் பேர்லயே ஒரு சுழிய முழுங்கிட்டீங்க. அப்போ பொடவையில எத்தினி முழம் முழுங்குவன்னு ஜனங்க என்னை கேக்க மாட்டாங்களா?”

முகம் எந்தப் பக்கம்?

வியாழக்கிழமை வரதன் அண்ணனிடம் ஓடினேன். புடவை டிசைனை கிராஃப் தாளில் போட்டுக் கொடுப்பவர். கட்டம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. “ஒரு கட்டத்துல அடங்கலன்னா பக்கத்து கட்டத்தையும் சேத்துக்கோமா” என்று, இரண்டு எழுத்து இடத்தில் மூன்று சுழியும் தெரிய ஒரு ‘ண’ போட்டார். மற்றவற்றையும் சேர்த்து ‘ஆரணி’ முழுசாகத் தயார். இருந்த அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கட்டங்களை எண்ணாக்கி ஏற்றினேன். டிவியில் ஊர் பேர் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திரும்பி நின்றது!

தாளை எடுத்துக்கொண்டு வரதன் அண்ணனிடம் சண்டைக்கே போனேன். அவர் தறியில் புடவையின் முகம் கீழே இருக்குமாம். முந்தானையில் பேர் நெய்வதென்றால் எழுத்தைத் திருப்பித்தான் போடுவாராம். கொஞ்சமும் அசரவில்லை மனுஷர்.

“உங்க டிவிக்கு மொகம் எந்தப் பக்கம்னு நீ சொல்லவே இல்லியேமா!”

வெள்ளிக்கிழமை

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்து, கட்டங்களை மறுபடி எண்ணாக்கினேன். சாயங்காலம் மூன்று சுழியோடு ‘ஆரணி’ டிவியில் வந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடை முதலாளி ஃபோனிலேயே சபாஷ் சொன்னார். அதற்குப் பிறகும் ஃபோன் அடித்தது. தனபால் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஞானம்னு ஒரு பாத்திரக் கடையாம்மா, நாளிக்கே போடணுமாம். உங்கிட்ட ‘ஞ’ கீதா?”

தமிழில் எழுத்து இருநூற்று நாற்பத்தேழு, என் கையில் இருந்ததோ பதினொன்று என்பதால், என் வேலை அன்றைக்கே நிரந்தரமாகிவிட்டது.