பதினாறா, பதினெட்டா, இருபதா

நான் நாலடி பதினொரு அங்குலம். கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன். ரெக்ஸ்டேலில் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. லைனில் எனக்கு மட்டும் காலுக்குக் கீழே ஒரு பெட்டி போட்டிருக்கிறார்கள்.

நவம்பரில் என்ர மனுசனும் வேறு இரண்டு பேரும் மான் வேட்டைக்குப் போவார்கள். ஸ்காபரோவில் இருந்து வடக்கே மூன்று மணித்தியால ஓட்டம். ஒருவர் பிக்கரிங்கில் இருக்கிறார், எல்லாருக்கும் மூத்தவர். பிக்கரிங் அண்ணை என்போம். மற்றவன் வோபர்ன் தம்பி. மூன்று பேருக்கும் காட்டுக்குள் மூன்று கூடாரம். துணிக் கூடாரம்தான். உள்ளே ஒரு கதிரை வைக்கலாம், நாலு பக்கமும் சின்ன யன்னல். அதற்குள் சத்தம் காட்டாமல் இருந்தால் மான் வரும். சிலவேளை வராது.

நானும் கூடப் போவேன். சமைக்க, பிறகு மானை உரித்து வெட்ட. சுடுவதற்கு எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. கோர்ஸுக்குப் போய், இரண்டாந்தரம் சோதனை பாஸ் பண்ணி எடுத்தது. எடுத்து மூன்று வருசம். இருக்க இடந்தான் இல்லை.

போன வருசம் கந்தசட்டியும் வேட்டைக் கிழமையும் ஒன்றாக வந்தன. பிக்கரிங் அண்ணை ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவர். மச்ச மாமிசம் தொடமாட்டார், உயிரும் எடுக்கமாட்டார். நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்கள், எங்களுக்கு அந்தத் தடை இல்லை. அண்ணையின் கூடாரம் சும்மா கிடக்கப்போகுது, ஆரைக் கேட்பம் என்று மனுசனும் தம்பியும் எங்கள் கராஜில் நின்று கதைத்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"நான் இருக்கிறன்" என்றேன்.

மனுசன் தம்பியைப் பார்த்தார். தம்பி தேத்தண்ணியைப் பார்த்தான்.

"அப்ப ஆரக்கா சமைக்கிறது?"

"உனக்குக் கை இருக்குத்தானே."

கேள்விப்பட்ட அண்ணை தன்ர துவக்கைத் தாறன் என்றார். அதின் குழல் மட்டும் இருபத்தாறு அங்குலம். கராஜுக்குள் கூடாரத்தை விரித்தார்கள். துவக்கு வெறுமை என்று மனுசன் இரண்டுதரம் பார்த்துத் தந்தார், நானும் ஒருதரம் பார்த்தேன். முன் யன்னலுக்குப் பிழையில்லை. குழலை மேலே தூக்கிப் பின் யன்னலுக்குத் திரும்பினேன். நுனி கூரைத் துணியில் கொழுவி, கூடாரத்தின் ஒரு கால் நிலத்தை விட்டுக் கிளம்பிவிட்டது.

"அக்கா கூடாரத்தோடை மானைத் துரத்தப்போறா" என்று தம்பி சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. மனுசன் மட்டும், இந்த முறை சரிவராது, அடுத்த முறை பாப்பம் என்றார். அடுத்த முறை அண்ணை வந்துவிடுவார். இந்த வருசம் இல்லையென்றால் பிறகு எனக்கு அடுப்புத்தான். அது எனக்குத் தெரியும்.

"சின்னத் துவக்கு வாங்குவம்" என்றேன்.

துவக்குக் கடையில் சின்ன ஆட்களுக்கென்று, தோளில் வைக்கிற கட்டையைக் குறுக்கின துவக்கு இருந்தது. குழல் மூன்று அளவில் வரும். பதினாறு, பதினெட்டு, இருபது அங்குலம். மனுசன் இருபது என்றார், குண்டின் வேகம் கூட. தம்பி பதினாறு என்றான், அவனிடம் இருப்பது அதுதான். அண்ணை போனில், இருபத்துநாலுக்குக் கீழே போனால் அது துவக்கே இல்லை என்றார். கடைக்காரனைக் கேட்டோம். நூறு அடிக்குள் சுடுகிறதென்றால் மானுக்கு வித்தியாசம் தெரியாது என்றான். எனக்குப் பிடித்தது அந்தப் பதில்தான். தையல் நாடாவை எடுத்து மூன்றையும் அடியில் இருந்து நுனிவரை அளந்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துத் தந்தான்.

வீட்டுக்கு வந்து, கூட்டுகிற தும்புத்தடிகளை அந்த மூன்று அளவுக்கும் அரிந்தேன். கூடாரத்தை வீட்டு முன்னால், கார் நிற்கிற இடத்தில் வைத்தோம். தான் மானாக நடக்கிறேன் என்றார் மனுசன். எனக்கு மனம் வரவில்லை. ஆளை நோக்கி ஒன்றையும் நீட்டக்கூடாது என்று கோர்ஸில் சொன்னவர்கள். தும்புத்தடி என்றாலும் அப்படித்தான். அதால் அவர் சாமான் இழுக்கிற சில்லு வண்டிலில் ஒரு வாளியைக் கவிழ்த்துக் கட்டி, நீளக் கயிறு போட்டு இழுத்தார். வாளிதான் மான். முன்னால் போகும், திடீரென்று பின்னால் வரும்.

முன்வீட்டு ஜமேக்கா அன்ரி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டா. மனுசன் "மான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டே போனார். அன்ரி கதிரை கொண்டுவந்து இருந்தா. கூடாரத் துணி அசைந்தால், தான் கை தூக்குவேன் என்றா. இருபதுக்கு ஒவ்வொருதரமும் கை தூக்கினா. பதினெட்டுக்கு ஒருதரம், அதுவும் என்ர முழங்கை பட்டது. பதினாறுக்கு இல்லை. மனுசனுக்கு வேர்த்துவிட்டது. ஓடுகிற மானை விட இழுக்கிற ஆளுக்குத்தான் கஷ்டம் என்றார்.

அப்படியென்றால் பதினாறுதான் என்று நினைத்தேன். தம்பி தன்ர பதினாறைக் கொண்டு, சுட்டுப் பழகுகிற ரேன்ஜுக்குக் கூட்டிப்போனான். குழல் கட்டையென்றால் வெடிச்சத்தம் கூட. காதுமூடி போட்டிருந்தும் பல்லு அதிர்ந்தது. முதல் வெடி நடுவில். இரண்டாவது கொஞ்சம் விலகி. மூன்றாவது கடதாசியிலேயே படவில்லை. சுட முதலே கண்ணை மூடிவிட்டேன். தம்பி அதைக் காணவில்லை. நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன்.

கடையில் ஒரு பதினெட்டை ரேன்ஜில் சுட்டுப்பார்க்கத் தந்தார்கள். அதுவும் சத்தந்தான். ஆனால் பத்து வெடிக்கும் கண் திறந்திருந்தது. அதை வாங்கினோம்.

வேட்டையின் இரண்டாம் நாள். செம்மஞ்சள் உடுப்பும் தொப்பியும் போட்டு விடிய முதலே போய் இருந்தேன். குளிர். எட்டு மணிபோல பின்பக்கம் சருகுச் சத்தம். மெல்லத் திரும்பினேன். துணி அசையவில்லை. கொம்பு மான், தனிய, பக்கவாட்டில் நின்றது. அதற்குப் பின்னால் மண்மேடு, குண்டு அங்கால் போகாது. மூச்சு விட்டுப்போட்டுச் சுட்டேன். நாற்பது அடி ஓடி விழுந்தது.

வோக்கிடோக்கியில் மனுசன்.

"ஆர் சுட்டது?"

"நான்."

"விழுந்திட்டோ?"

"ஓம்."

அவர் வோக்கியின் பொத்தானை அமத்தினபடியே கத்திக்கொண்டு ஓடிவந்தது எனக்கு முழுக்கக் கேட்டது. மற்றக் கூடாரத்தில் தம்பிக்கும் கேட்டிருக்கும். அந்த வருசம் அந்தக் காட்டில் இருந்த எல்லா மானுக்கும் கேட்டிருக்கும்.

மத்தியானம் விஷயம் கேள்விப்பட்டு பிக்கரிங் அண்ணை போன் எடுத்தார்.

"இறைச்சிக் கதை வேண்டாம் பிள்ளை, நான் விரதம். எவ்வளவு தூரம் எண்டு மட்டும் சொல்லும்."

"அறுபது அடி இருக்கும் அண்ணை."

"ஒரு வெடியோ?"

"ஓம்."

பிறகு, அடுத்த வருசம் கந்தசட்டி முந்தி வந்துபோகும், தான் கட்டாயம் வருவேன், தன்ர கூடாரத்தைக் கவனமாக மடித்து வைக்கவேணும் என்றார்.

"வாங்கோ அண்ணை. உங்களுக்கு ஒண்டு புதுசா வாங்கவேணும். உது இப்ப என்ர."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. சிரித்து இருமி முடிய நேரமெடுத்தது.

"வெறும் வயித்தோடை கிடக்கிறவனைச் சிரிக்கப் பண்ணாதையும் பிள்ளை" என்றார். "சரி. நாலாவது கூடாரத்தை நான் கொண்டுவாறன்."