சீட்டில் ஒட்டிய வாழையிலை

நேற்று ஏறிய வாடகைக் காரில் தோல் சீட்டுக்குப் புதிதாக க்ரீம் தடவியிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் குமட்டிக்கொண்டு வர, பாதி வழியிலேயே இறங்கிவிட்டேன்.

சிவகாசி ரோட்டில், இப்போது பெட்ரோல் பங்க் இருக்கும் இடத்தில்தான் அப்பாவின் தகரக் கொட்டகை இருந்தது. பட்டாசு முதலாளிகளின் கார் சீட்டுகளைச் சோப்பு நுரையால் துடைத்து, தையல் இடுக்கில் ஏறிய வெள்ளிநிற வெடிமருந்துத் தூளைப் பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, க்ரீம் தடவிப் பளபளவென்று ஆக்கித் தருவார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் ஒரு பிரஷ்ஷோடு உட்கார்ந்துவிடுவேன்.

நான் ஆறாவது படித்தபோது, பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்து உடல் வெந்த ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன, அந்தக் கம்பெனி முதலாளியின் கார் வந்தது. பின்சீட்டெங்கும் வாழையிலைத் துணுக்குகள் காய்ந்து ஒட்டியிருந்தன. உரித்தபோது கையோடு வந்தது இலை மட்டுமல்ல என்று தெரிந்ததும் வெளியே ஓடி வாந்தியெடுத்தேன்.

"தீப்புண்ணுக்கு இலை குளுமை தாயி. மொதலாளி நல்ல மனுசன், விரிச்சுப் படுக்க வச்சிருக்காக" என்றார் அப்பா.

மூன்று நாள் தேய்த்தோம். காரை எடுக்க வந்த முதலாளி, சீட்டில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார்.

"அந்த ஆளு எப்படி இருக்காக, மொதலாளி?" என்று அப்பா கேட்டார்.

"அவன் அன்னைக்கே போயிட்டான். சீட்டு பாழாயிரும், இலைய விரிங்கடான்னு அம்புட்டு கத்துனேன். அப்படியும் கெடுத்துட்டானுக."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே, அவர் உட்காரப்போகும் இடத்தை இன்னொரு தடவை துடைத்துவிட்டார். இன்றும் எனக்குக் குமட்டுவது அதை நினைத்துத்தான்.