புட்டிக்கு அடியில் அடிக்காத எட்டுப் பின்

இது கதை இல்லை. நடந்தது. எனக்கே நடந்தது. என் மருமகள் இதைக் கேட்டுவிட்டு, "அத்தை, வெயில்ல தலை சுத்தியிருக்கும்" என்றாள். தலை சுற்றினால் சுவர் சுற்றும். காதோரம் ஆள் செருமும் சத்தம் கேட்குமா, நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் ஜன்னல் பட்டறை வைத்திருந்தார். மரச்சட்டத்தில் கண்ணாடியை உட்கார வைத்து, ஓரத்தில் தலையில்லாத சின்னப் பின்களை அடிப்போம். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் எட்டு. அதன்மேல் புட்டி என்ற பசையை இழைத்துப் பெயின்ட் பூசிவிட்டால் உள்ளே பின் இருப்பது ஆண்டவனுக்கே தெரியாது. ஆனால் புட்டி காய்ந்து வெடித்தாலும் கண்ணாடியை விடாமல் பிடித்திருப்பது அந்தப் பின்தான். பின் அடிக்கும் தச்சருக்கு நாங்கள் வைத்த பெயர் 'செருமல்'. ஒவ்வொரு பின்னுக்கும் முன்னால் 'க்ஹும்' என்று செருமிவிட்டுத்தான் சுத்தியலைத் தூக்குவார். புட்டி இழைப்பது என் வேலை.

நூலகத்துக்குப் பன்னிரண்டு ஜன்னல் செய்தோம். கடைசி நாள் செருமல் சீக்கிரம் கிளம்பினார்.

"அண்ணி, ஒண்ணுதான் பாக்கி. எட்டுப் பின். மறந்துடாதீங்க."

"எனக்கே பாடமா? போயிட்டு வாங்க."

பின் டப்பாவைத் திறந்தால் காலி. கடைக்குப் போகச் சோம்பல். யார் பார்க்கப் போகிறார்கள் என்று வெறும் புட்டியை இழைத்துவிட்டேன்.

ஒரு வருஷம் நின்றது. பிறகு ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி. மாடிப்படிக்கு மேலே இருந்த அந்தக் கண்ணாடி அப்படியே கழன்று, படியேறிக்கொண்டிருந்த காவலாளியின் தோளில் இறங்கியது. இருபத்திரண்டு தையல். அந்தக் கையை இனி மேலே தூக்க முடியாது.

செருமல் காய்ச்சலில் பத்து நாளாகத் தன் ஊரில் இருந்தார். ஆனால் அன்று சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் பட்டறை வாசலில் வந்து நின்றார். வீட்டுக்காரர் கொதித்துப் போயிருந்தார்.

"பின் அடிக்காம விட்டுட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுய்யா வந்தே? போ வெளிய!"

நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். செருமல் என்னையே பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் குனிந்து புட்டி பிசைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வாசலில் ஆள் இல்லை.

ஒரு மாதம் கழித்து அதே ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போடப் போனோம். நூலகத்துக்கு விடுமுறை. வீட்டுக்காரர் கீழே ஏதோ கதவை அளந்துகொண்டிருந்தார். மேலே நான் மட்டும். மணி மூன்று நாற்பது.

கண்ணாடியைச் சட்டத்தில் வைத்தேன். சுத்தியலை எடுக்கும் அவசரத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டேன். பின் அடிக்காத கண்ணாடி. என் மேல் சாய வேண்டும்.

சாயவில்லை.

யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி நின்றது. உற்றுப் பார்த்தேன். கண்ணாடியில் பத்து விரல் அச்சு. என் விரல் இல்லை. பெரியவை.

வெளிப்பக்கம் இல்லை... என் பக்கம்.

அப்படியென்றால் பிடித்திருப்பவர் எனக்குப் பின்னால்...

"க்ஹும்."

காதோரம்.

திரும்பவில்லை. தைரியம் இல்லை. ஒரு பின் அடித்தேன். டக்.

"க்ஹும்."

டக்.

எட்டும் அடித்தேன். எட்டுச் செருமல்.

பிறகு...

"அன்னிக்கு, அண்ணி?"



"அடிக்கல. நான்தான்."

விரல் அச்சு ஒவ்வொன்றாக மறைந்தது.

மணி மூன்று ஐம்பத்திரண்டு.

சுத்தியலும் கையுமாகக் கீழே ஓடினேன். "என்னடி, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு?" என்றார் வீட்டுக்காரர். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு மாசமா வாயில என்ன வெச்சிருந்தே? வா, அந்த மனுஷன் கால்ல விழுவோம்."

மறுநாள் முதல் பஸ்ஸில் செருமலின் ஊருக்குப் போனோம். கதவைத் திறந்தது அவர் மனைவி. நெற்றி வெறுமையாக இருந்தது.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா அண்ணி? எத்தனை தடவை ஃபோன் பண்ணேன். அண்ணன் கட் பண்ணிக்கிட்டே இருந்தாரே."

உண்மைதான். செருமல் நம்பரைப் பார்த்தாலே இவர் துண்டித்துவிடுவார்.

"எப்பம்மா?" என்றேன்.

"போன மாசம். ஏதோ நூலகத்துல கண்ணாடி விழுந்துச்சாமே, அதே புதன்கிழமை. விடியக்காலம் நாலு மணிக்கு மூச்சு நின்னுடுச்சு. மத்தியானம் மூணு மணிக்கெல்லாம் அடக்கம் பண்ணிட்டோம்."

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர், அன்று ஐந்தேகாலுக்குச் செருமலின் நெஞ்சில் வைத்துத் தள்ளிய உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.