நண்டுச் சின்னத்தில் வென்ற மேயர்

நான் டீச்சர் ஆனது தேச சேவைக்காக அல்ல. பொன்னேரியில் அரிசி மில் வைத்திருந்த என் அத்தை மகனிடமிருந்து தப்பிப்பதற்காக. அவர் நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் மீதியை அவரே பேசி முடித்துவிடுவார். நான் ஆரம்பித்ததை நானே முடிக்க வேண்டும் என்கிற ரகம் நான். ஆகவே அம்மாவோடு ஓர் உடன்படிக்கை. வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சு கிடையாது. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை வேண்டாம் என்று எழுதினால், தை மாதம் தாலி. அம்மா தன் பக்கத்து நம்பிக்கைக்கு ஏற்றாற்போல் கூறைப்புடவை விலையையே விசாரிக்கத் தொடங்கியிருந்தாள்.

பள்ளிக்கூடம் ராயபுரத்தில், மீனவர் குப்பத்தை ஒட்டி இருந்தது. இரண்டே அறைகள், ஓட்டுக் கூரை. எனக்கு மூன்றாம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். பாதிப் பேர் குப்பத்துப் பிள்ளைகள். மீதிப் பேரின் அப்பாக்கள் ஹார்பரில் மூட்டை தூக்கினார்கள், ரயில்வேயில் இருந்தார்கள், வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்தார்கள். முதல் பொதுத் தேர்தல் முடிந்த மறு வருஷம் அது. நம் தலைவர்களையும் அரசாங்கத்தையும் பற்றிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. எப்படிச் சொல்லித்தருவது என்று உத்தரவில் இல்லை.

வகுப்புச் சுவரில் தலைவர்கள் வரிசையாகத் தொங்கினார்கள். நடுவில் ஒரு பிரேம் மட்டும் காலி. அதில் முன்பு இங்கிலாந்து ராஜா இருந்தார். சுதந்திரம் வந்த வாரத்திலேயே தலைமையாசிரியர் ராஜாவை உருவி எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். பிரேம் நல்ல தேக்கு, அதைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வரவில்லை. அதற்கு அளவான தலைவர் படமும் கடையில் கிடைக்கவில்லை. ஆகவே சுவரின் மத்தியில் சுண்ணாம்பு தெரிய, கண்ணாடியோடு அது ஆறு வருஷமாகக் காத்திருந்தது.

“அதுல யாரு டீச்சர்?” என்று முதல் நாளே கேட்டார்கள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “பெரிய மனுஷங்க எல்லாரும் தப்பே செய்யாதவங்க இல்லை. தப்பு செஞ்சா ஒத்துக்கிட்டவங்க. அப்படி யாராவது நம்ம வகுப்புக்கு வந்தா அதுல மாட்டலாம்” என்று சொல்லிவைத்தேன். பேச நன்றாக இருந்தது. பிள்ளைகள் அதை அப்படியே மனசில் முடிந்துகொண்டார்கள்.

தலைவர்கள் பாடத்தை அவர்கள் தங்கள் வழியில்தான் வாங்கிக்கொண்டார்கள். யானைமேல் வந்த சோழ ராஜாவைப் பற்றி நான் அரைமணி நேரம் தொண்டை வறளப் பேசிய பிறகு, “அவுரு எந்த வார்டு டீச்சர்?” என்று கேட்டான் ஒருவன். உப்புச் சத்தியாகிரகத்தைச் சொன்னபோது, எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தில் மாமா வேலை செய்கிற பெண் ஒருத்தி, “எங்க மாமா டெய்லி எடுக்கறாரு, அவுரு படம் எங்க?” என்றாள். இதற்கெல்லாம் பயிற்சிப் பள்ளியில் பதில் சொல்லித்தரவில்லை.

அரசாங்கத்தை ஏணியாக வரைந்தேன். கீழ்ப்படியில் வார்டு கவுன்சிலர். அதற்கு மேல் மேயர், அதற்கு மேல் முதன்மந்திரி, கவர்னர். உச்சியில் டில்லி, பிரதம மந்திரி, ஜனாதிபதி. வரைந்து முடிப்பதற்குள் குப்பத்துப் பிள்ளைகள் முகம் சுண்டிப்போயிற்று.

“எங்க நாட்டாரு எங்க டீச்சர்?”

நாட்டார் என்பவர் குப்பத்துப் பஞ்சாயத்தின் தலைவர். கடலுக்கு யார் எப்போது போவது என்பதிலிருந்து மருமகள் கோபித்துக்கொண்டு போன வழக்கு வரை அவர்தான் பேசி முடிப்பார். அவர் இந்தப் பாடத்தில் வரமாட்டார் என்றேன்.

“அவுரு இன்னிக்கு கடலுக்குப் போவாதீங்கன்னா ஒரு மரம் எறங்காது டீச்சர். உங்க முதல் மந்திரி சொன்னா நிப்பாங்களா?”

கட்டுமரத்தைத்தான் சொன்னாள். கேட்டவள் மீன்கூடை சுமக்கும் அம்மாவின் மகள், எட்டு வயது, முன்பல் இரண்டு கிடையாது. பதில் இல்லாத டீச்சர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். கைகட்டி வாய்பொத்தி உட்காரச் சொன்னேன். பிறகு மனசு கேட்காமல், ஏணிக்குக் கீழே ஓரமாக ஒரு முக்காலி வரைந்து நாட்டாரை அதில் உட்காரவைத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், முக்காலி டில்லிக்கு மேலே இருந்தது. எந்தக் கை அழித்து எழுதியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பத்தொரு கையிலும் சுண்ணாம்புத் தூள்.

சரி, விளையாட்டாகவே சொல்லித்தருவோம் என்று வகுப்பு மேயருக்குத் தேர்தல் வைத்தேன். பெரியவர்கள் ஓட்டுப் போட்டது போலவே ஆளுக்கொரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். பெட்டிக்குப் பதில் கோகோ டப்பா, ஓட்டுக்குப் பதில் புளியங்கொட்டை. முப்பத்தொரு பிள்ளைகள், திறந்து எண்ணினால் முப்பத்தாறு கொட்டை. மறுதேர்தல் வைத்தேன். நாற்பது கொட்டை. இரண்டு முறையும் நண்டுச் சின்னம்தான் ஜெயித்தது. பல் இல்லாத அந்தப் பெண் மேயர் ஆனாள், தோற்றவர்கள் கவுன்சிலர்கள். அன்று முதல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

மேயருக்காக ஒரு விதியும் சொல்லிக்கொடுத்தேன். யாராக இருந்தாலும், வந்து நிற்கிற இடத்தின் விதிக்குக் கட்டுப்பட வேண்டும். டில்லியிலிருந்து ஜனாதிபதியே வந்தாலும் அப்படித்தான். இன்ஸ்பெக்டர் கேட்டால் சொல்வதற்காகப் பத்து முறை சொல்லவைத்தேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு புதன்கிழமை வந்தார். எதற்கும் மசியாதவர் என்று கேள்வி. போன பள்ளியில் காபியையே திருப்பி அனுப்பிவிட்டாராம். ரிக்‌ஷா மணலில் வராது என்பதால் தெரு முனையில் இறங்கி, குறுக்கே நடந்தே வந்துவிட்டார். வேட்டிமேல் கோட்டு, தலைப்பாகை, பளபளவென்று பூட்ஸ். கண்முன்னால் பொன்னேரி அரிசி மில் ஓடிற்று.

அவர் மேயரைத்தான் எழுப்பினார்.

“நம் நாட்டில் எல்லோருக்கும் மேலே இருப்பவர் யார்?”

“ஜனாதிபதி சார்.”

நான் மூச்சு விட்டேன். முக்காலி வரவில்லை.

“பேஷ். அவர் உங்கள் தெருவுக்கு வந்தால் அவருக்கு யாராவது உத்தரவு போட முடியுமா?”

“முடியும் சார். பூட்ஸ கழட்டணும்.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். “ஏனம்மா?”

“மணல்ல வலை காய்து சார். அத காலுல ஏதும் மாட்டிக்கினு மிதிக்கக் கூடாது. மிதிச்சா மீன் படாது. அப்பால நாட்டாருகிட்ட போயி நிக்கணும்.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்க மிதிச்சிக்கினுதான் வந்தீங்க சார். நான் பாத்தேன்.”

ஹார்பர் பக்கம் என்ஜின் ஒன்று பெருமூச்சு விடுவது மட்டும் கேட்டது. யோசிக்கவே இல்லை, வாய் தானாகப் பேசிற்று.

“இல்லை சார். நீங்க சுத்திதான் வந்தீங்க. நானே பார்த்தேன். சின்னப் பிள்ளை, ஏதோ உளறுது.”

மேயர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. இப்படியும் ஒன்று உண்டா என்பது போலப் பார்த்தாள். பிறகு அவருடைய வலது பூட்ஸைச் சுட்டிக்காட்டினாள். குதிகால் ஆணியில் ஒரு முழ நூல் சிக்கித் தொங்கியது. மரப்பட்டைச் சாயம் ஏறிய, காவி நிற வலை நூல்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். “மிதித்துத்தான் விட்டேன் போலிருக்கிறது. அவசரத்தில் கவனிக்கவில்லை. என் தப்புதான்” என்றார். அவ்வளவு சுலபமாக.

நான் எங்கே போய் ஒளிவது?

அதற்குள் பின் வரிசையில் இருந்த கவுன்சிலர் ஒருவன் ஜன்னல் ஏறிக் குதித்துவிட்டான். ஐந்து நிமிஷத்தில் நாட்டாரோடு வந்து நின்றான். அறுபது வயது, கறுத்த திரண்ட உடம்பு, வாயில் வெற்றிலை. வாசலில் இருந்த வாளித் தண்ணீரை மொண்டு காலைக் கழுவிக்கொண்டுதான் அவர் உள்ளே வந்தார்.

“பள்ளிக்கூடம் உங்க எடம். அதான் கழுவிக்கினு வந்தேன்” என்றார் இன்ஸ்பெக்டரைப் பார்த்து. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். “என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.”

“பெரிசா ஒன்னும் இல்ல நைனா. கால்ல கீற பூட்ஸ கைல எடுத்துக்கோ. அறுந்த வலைக்கண்ண வலைக்காரன் முடிஞ்சிக்குவான். நீ மணல ஒதறி, ஒரு முனைய புடிச்சி மடிச்சிக் குடுத்துட்டுப் போ. மீன் பட்டா உன் பேர சொல்றோம்.”

அப்புறம் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இன்ஸ்பெக்டர் ஒரு கையில் பூட்ஸும் மறு கையில் வேட்டி நுனியுமாக, முப்பத்தொரு பிள்ளைகள் பின்னால் வர, மணலில் இறங்கினார். பூட்ஸை ஓரமாக வைத்துவிட்டு வலையை உதறினார். கோட்டெல்லாம் மீன் செதிள். நானும் பதறிப்போய் ஓடி இன்னொரு முனையைப் பிடித்தேன். இப்படியாவது கணக்கு தீரட்டும் என்று நினைப்பு.

மேயர் பக்கத்தில் வந்தாள். “நீங்க வலைய மிதிக்கலையே டீச்சர். நீங்க எதுக்கு மடிக்கிறீங்க? உங்க தப்பு வேற.”

நாட்டாருக்குக் காது கூர்மை. “டீச்சரம்மா இன்னா பண்ணாங்க?” என்றார். அவர் காதில் அவள் ஏதோ சொன்னாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அது குப்பத்து விவகாரம் இல்ல. ஸ்கூல்ல நடந்தத ஸ்கூல்லயே பாத்துக்கோங்க” என்று கை கழுவிவிட்டார். எந்தப் படிக்கு எந்த வழக்கு என்று நான் ஒரு மாதமாகத் தொண்டை கிழியச் சொல்லியும் வகுப்பில் ஏறாதது, அவருக்குப் பாடமில்லாமலே தெரிந்திருந்தது.

வகுப்புக்குத் திரும்பினோம். இன்ஸ்பெக்டர் மணலைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, பார்வைப் புத்தகத்தைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். பிள்ளைகள் யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மேயர் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். காலி பிரேமைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பிரேமைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் அடக்கியிருப்பேன். சும்மா இருப்பவளை என்ன செய்ய?

பேனா காகிதத்தைத் தொடப் போனது. எழுதி முடித்த பிறகு சொல்லலாம் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். இவ்வளவு வருஷம் கழித்து அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அம்மா முகம் வந்தது, அத்தை மகன் முகம் வந்தது, அவர் என் வாக்கியத்தை முடித்துவைப்பதும் கேட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மட்டும் நகர மறுத்தது. நான் எழுந்தேன்.

“சார், நீங்க சுத்தி வந்ததை நான் பார்க்கலை. பார்த்தேன்னு சொன்னது பொய். அந்தப் பொண்ணு உளறலை, நான்தான் உளறினேன்.” எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் நிமிராமலே, “தெரியும் அம்மா. ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது” என்றார்.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் மேயர்தான் வாய் திறந்தாள்.

“செரி, ஒக்காருங்க டீச்சர்.”

உட்கார்ந்தேன்.

அவர் எழுதியது இதுதான்: பிள்ளைகள் அரசாங்கத்தின் படிகளை ஓரளவு அறிந்திருக்கிறார்கள். குப்பத்தை டில்லிக்கு மேலே வைக்கிறார்கள், திருத்த வேண்டும். ஆசிரியையை நிரந்தரமாக்கலாம். அம்மா அந்தக் குறிப்பை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் எனக்கு ரசம் ஊற்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்தபோது காலி பிரேம் காலியாக இல்லை. கலர் பென்சிலில் ஒரு படம். தலைப்பாகை, மீசை, கையில் பூட்ஸ். கண்ணாடிக்குப் பின்னால் நேராக வைத்து, ஆணியில் ஒழுங்காக மாட்டியிருந்தார்கள். பெஞ்சுமேல் பெஞ்சு போட்டு ஏறியிருக்க வேண்டும். அதைக் கண்டிக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“ஏண்டி, நானும்தானே ஒத்துக்கிட்டேன். என்னை ஏன் போடலை?”

மேயர் ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அவுரு ஒடனே ஒத்துக்கினாரு. நீங்க லேட்டு டீச்சர்.”

அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷம் இருந்தேன். கடைசி நாள் வரை அந்தப் பிரேமில் அவர்தான் இருந்தார்.