எச்சிலில் துடைத்த கண்ணாடி

முதன்முதலாக வாசிப்புக் கண்ணாடி போட்டு ஒரு வாரமாகிறது. மூக்கை அழுத்துகிறது, வேர்வையில் வழுக்குகிறது, தேநீர் ஆவியில் மங்குகிறது. சனியன்!

அறுபதுகளில், சிங்கப்பூர் ஜாலான் புசார் கடைவீட்டு மாடியில், அப்பா பேப்பர் படிக்குமுன் வெற்றிலை எச்சிலைத் தன் கண்ணாடியில் துப்பி, கைலி நுனியால் தேய்ப்பார். விளிம்பில் சிவப்பு காய்ந்திருக்கும். பார்த்தாலே குமட்டும்.

"தண்ணியில கழுவுங்கப்பா!"

"எச்சில்லதான் பளிச்சுன்னு ஆகும் லா. நீயே போட்டுப் பாரு."

என் மூக்கில் மாட்டியே விட்டார். புளித்த புகையிலை வாடை. குழாயடிக்கு ஓடி வாந்தியெடுத்தேன். சோப்புப் போட்டு மூன்று முறை முகம் கழுவியும் வாடை போகவில்லை.

"ஐயே, அம்மா! எச்சிலா?"

இப்போது பக்கத்திலிருந்த என் மகள் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். குனிந்து பார்த்தேன். ஈரக் கண்ணாடியை என் சேலைத் தலைப்பு தேய்த்துக்கொண்டிருந்தது.

பளிச்சென்றுதான் இருந்தது.